டிக்கெட் அக்கா தோற்ற ஆட்டங்கள்

டிக்கெட் அக்கா தோற்கும்போது திரையைப் பார்க்க மாட்டார். ஒரு கை கைப்பிடியில் இருக்கும், இன்னொரு கை பட்டன்களில் இருக்கும். தலை மட்டும் மெல்லத் திரும்பி, பக்கத்தில் நின்று ஆடுகிறவரின் முகத்தில் போய் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஏற்காடு ஏரிக்கரையில் பிழைத்த நாங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான். படகுத்துறைக் கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிற வேலை. அதனால் டிக்கெட் அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். எந்நாளும் ஒரே காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டர். அதன் கைகளை முழங்கை வரை சுருட்டி விட்டிருப்பார். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கையை ஏன் சுருட்டுகிறீர்கள் என்று கேட்டால், "ஒடம்புக்குத்தானுங்க குளுரும், கைக்கு வேலை இருக்குதுல்ல" என்பார்.

படகுத்துறைக்கு நாலு கடை தள்ளி என் வீடியோ கேம் கடை. தொண்ணூறுகளின் நடுவில் அந்தத் தொழில் ஓடியது. சேலத்திலிருந்து மலையேறி வந்து, என் சித்தப்பா பிடித்துக் கொடுத்த ஒற்றை அறையில் மூன்று மிஷின்களைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு. மிஷின்களில் ஒன்று கார் ஓட்டுவது, ஒன்று விமானம் சுடுவது. இரண்டையும் யாரும் சீண்ட மாட்டார்கள். கூட்டமெல்லாம் மூன்றாவதில்தான். அது சண்டை மிஷின். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுக்கொரு வீரனை எடுத்துக்கொண்டு மோத வேண்டும். திரையின் மேலே ஆளுக்கொரு மஞ்சள் கோடு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் உசிர். அடி விழ விழ உசிர் குறையும். மூன்று சுற்றில் இரண்டு ஜெயித்தவர் ஜெயித்தவர்.

அந்த ஆட்டத்துக்குள் நுழைய ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆறு பட்டன்களையும் மாவு பிசைகிற மாதிரி அமுக்கினால்கூட, வந்த அன்றைக்கே ஒரு சுற்று ஜெயித்துவிடலாம். கம்புக்காரன் என்று ஒருத்தன் இருந்தான். அவனை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் போதும், நீளக் கம்பால் எதிராளியைக் குத்திக்கொண்டே இருப்பான். புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் அவன்தான். கொஞ்சம் பழகியவர்கள் நெருப்புக்கைக்காரனுக்குப் போவார்கள். அவன் கையிலிருந்து தீ வரவழைக்கக் கைப்பிடியை ஒரு மாதிரி வளைத்து இழுக்க வேண்டும். அதற்கு மேலே என்ன இருக்கிறது, உச்சி எங்கே இருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. நான் நிற்கிற இடம்தான் உச்சி என்று நான் நம்பியிருந்தேன். ஏற்காட்டில் என்னை அடிக்க ஆளில்லை.

அந்த மிஷினில் யாரும் தொடாத ஒரு வீரன் இருந்தான். கூன் விழுந்த வெள்ளைத்தாடிக் கிழவன். அவன் குத்தினால் எதிராளிக்கு எறும்பு கடித்த மாதிரி இருக்கும். தாவவும் தெரியாது. அவனிடம் ஒரே ஒரு வித்தைதான் உண்டு. எதிராளியின் அடி மேலே படுகிற அதே நொடியில் கைப்பிடியை அந்த அடியை நோக்கி நகர்த்தினால், அடி ஒன்றுமில்லாமல் போய் எதிராளி தூரப் போய் விழுவான். கண்ணிமைக்கும் நேரம் முந்தினாலும் பிந்தினாலும் கிழவன் சுருண்டு விழுவான். நான் நூறு தடவை முயன்று பார்த்துக் கைகழுவி விட்டேன். அவனுக்குத் தாத்தா என்று பெயர்.

டிக்கெட் அக்கா தாத்தாவைத் தவிர வேறு யாரையும் எடுத்ததில்லை.

முதல் தடவை அவர் கடைக்குள் வந்தது ஒரு ஆடி மாதப் பகல். மூடுபனி ஏரியை அப்படியே மறைத்துவிட்டிருந்தது. எதிர்க்கரை தெரியாவிட்டால் படகு விட மாட்டார்கள். கூண்டைச் சாத்திவிட்டு, கடித்த பேரிக்காயும் கையுமாக வாசலில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இப்பிடி அடிச்சுக்கறாங்களே, வெலக்கி உடறதுக்கு யாரும் இல்லீங்களா?"

"இல்லீங்க்கா. ஒருத்தரு உழுகற வரைக்கும் அடிக்கோணும். அதுதான் ஆட்டம்."

"பாவம், அந்தப் பெரியவரையுமா அடிப்பாங்க?" என்றார், திரையோரத்தில் வரிசையாக இருந்த வீரர்களில் தாத்தாவைக் காட்டி.

"அவரை யாரும் எடுக்கறதில்லீங்க."

"அப்ப நான் எடுத்துக்கறேன். தனியா நிக்கறாரு."

அன்றைக்கு ஆறு ஆட்டம் ஆடினார். ஆறிலும் தோற்றார். ஒவ்வொரு தடவையும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதன் பிறகு பனி இறங்கினால் அக்கா வருவார். ஏற்காட்டில் பனி இறங்காத வாரம் ஏது?

அவரோடு ஆட எல்லோருக்கும் பிடிக்கும். அவர் ஆடினால் கடை சந்தை மாதிரி ஆகிவிடும். "அய்யய்யோ, தாடியப் புடிச்சு இழுக்கறானுங்க!" என்று கத்துவார். நடுவே எதிராளியிடம் பேரிக்காய் நீட்டுவார். கடைசியில் இழுபறியாக, மூச்சைப் பிடித்துக்கொள்கிற மாதிரி, ஒரு நூல் உசிரில் தோற்பார். "அடடா! கொஞ்சத்துல போச்சுங்க. இன்னொருக்கா ஆடலாமுங்களா?" இதுதான் அவர் வாயில் நான் அதிகம் கேட்ட வாக்கியம்.

கோடை சீசனில், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்த கூட்டமெல்லாம் ஏரிக்கரையில் நெரிந்த ஒரு நாளில், நான் அக்காவோடு ஆடினேன். நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். முதல் சுற்று எனக்கு, இரண்டாவது அவருக்கு. மூன்றாவதில் இருவருக்கும் நூலளவு உசிர் இருந்தபோது என் நெருப்புக்கை அவரை முந்திக்கொண்டது. கூரை பிய்ந்துவிடும் போலக் கத்தினார்கள். அந்த ஒரு ஆட்டத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. டீக்கடைக்காரர் ஒரு நாள், "இதைச் சொல்லாம டீ குடிக்க மாட்டீங்களா?" என்றே கேட்டுவிட்டார்.

சந்தேகம் வந்தது ஒரு தேனிலவு ஜோடியால். மாப்பிள்ளை கல்லூரியில் இந்த மிஷினிலேயே கிடந்தவர் போலிருக்கிறது. புதுப்பெண்டாட்டியைக் கூப்பிட்டு எதிராளியாக நிறுத்தி, எட்டு ஆட்டம் வரிசையாக அடித்து நொறுக்கிவிட்டு, எப்படி என்று சிரித்தார். அந்தப் பெண் முகம் சுண்டிப்போய், வெளியே போய் ஏரியைப் பார்த்து நின்றுகொண்டாள். பனியில் ஏரியே தெரியவில்லை.

அக்கா போய் அவள் தோளைத் தொட்டார். "கண்ணு, எங்கூட ஒரு ஆட்டம் ஆடு சாமி. நானும் ஒண்ணும் தெரியாதவதான்."

நான்கு ஆட்டம். நான்கிலும் அந்தப் பெண் ஜெயித்தாள். முதல் ஆட்டத்தில் கண்டபடி பட்டனைத் தட்டியவள், நான்காவதில் தடுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள், எப்போது தாவ வேண்டும் என்பது பிடிபட்டிருந்தது. ஐந்தாவதாகத் தன் புருஷனை இழுத்து வந்து நிறுத்தி ஒரு சுற்றில் அடித்தே விட்டாள். அடித்துவிட்டு அவள் குதித்த குதியில் கொண்டையிலிருந்த பூ கழன்று தரையில் விழுந்தது.

எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் வேறொன்று உறைத்தது. அவள் நான்கு ஆட்டமும் ஜெயித்தது ஒரே மாதிரி, நூலளவில். போன வாரம் பஸ் கண்டக்டர் ஜெயித்ததும் நூலளவில்தான். கான்வென்ட் பெண்களும் எஸ்டேட் ரைட்டரும் ஜெயித்ததும் அப்படியே. பட்டனைப் பிசைகிறவரும் பழகியவரும் ஒரே அளவு வித்தியாசத்தில் ஒருத்தரை எப்படி ஜெயிக்க முடியும்?

அப்போதுதான் நான் திரையை விட்டு அவர் கண்ணைக் கவனிக்க ஆரம்பித்தேன். கடைசி அடி விழுகிற நேரத்தில் அந்தக் கண் திரையில் இல்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில், அக்காவுக்குக் கடையைத் திறந்து கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். படகுத்துறை திறக்கும் முன் அரை மணி நேரம் அக்கா தனியாக மிஷினோடு ஆடுவது வழக்கம். நான் அதைக் கண்டுகொண்டதே இல்லை. குடத்தோடு உள்ளே வந்தபோது திரையில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மலை முகட்டில் தாத்தா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பின்னால் சூரியன் எழுந்தது. வரிசையாக ஏதோ எழுத்துகள் மேலே போயின. மூன்று வருடம் அந்தக் கடை நடத்தியவன் நான். அந்த மிஷினுக்குள் அப்படி ஒரு படம் இருப்பதே எனக்குத் தெரியாது. எல்லா வீரர்களையும் ஒருத்தர்கூட மிச்சமில்லாமல் அடித்தவர்களுக்கு மட்டும் வரும் படம் அது.

"அக்கா, இது..."

"டீ வர்ற வரைக்கும் சும்மா தட்டீட்டு இருந்தேனுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை மாதிரி ஸ்வெட்டர் கையை இறக்கி விட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம்தான் எனக்குச் சோறு இறங்காதது. நாற்பது பேர் முன்னால் நான் ஜெயித்த ஆட்டம் என்னிடமிருந்து போய்விட்டது. கடைசியில் அவரிடமே கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"எதுக்குங்க்கா எல்லாருக்கும் உட்டுக் குடுக்கறீங்க? ஏமாத்தற மாதிரி இல்லீங்களா?"

அவர் வாயிலிருந்த பேரிக்காயை மென்று விழுங்கினார். "செயிக்கறவங்க மொகத்தை நீங்க பாத்திருக்கீங்களா தம்பி? அந்தக் கடைசி அடி உழுகறப்ப? நொம்ப அழகா இருக்குமுங்க. எப்பேர்ப்பட்ட மொகமும் பூத்துக்கும். நான் செயிச்சா ஸ்கிரீனைத்தானே பாக்கோணும்? அதுல என்னங்க இருக்குது, பொம்மை."

"அப்ப எனக்கும்..."

"பனி வெலகுதுங்க" என்று எழுந்து கூண்டுக்கு ஓடிவிட்டார்.

அவர் வீட்டுக்காரர் ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவர். சாயங்காலம் அழைத்துப்போக வந்து வாசலில் ஹாரன் அடிப்பார். என் புலம்பலை அவரிடம் சொன்னபோது ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "ஊட்டுலயும் அப்பிடித்தானுங்க. சண்டைன்னு வந்தா எப்பவும் நாந்தான் செயிப்பேன். நாலு நாள் களிச்சுப் பாத்தா, அவ சொன்னதுதான் நடந்திருக்கும்."

எஸ்டேட் ரைட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ஆள் வருகை எழுதுகிறவர். ஐம்பதை நெருங்கிய, தடித்த கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து கம்புக்காரனை எடுத்து அதே ஒரு பட்டனைத் தட்டுவார். அக்காவிடம் ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டு மத்தியான பஸ்ஸுக்குப் போவார். வாரத்தில் அவருக்கு அது ஒன்றுதான் கேளிக்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து நாலு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. அதில் ஒரு பையன், இருபது வயதிருக்கும், சிவப்புச் சட்டை. கீழே எல்லா வீடியோ கேம் கடைகளிலும் ஜெயித்துவிட்டு மேலே வந்திருக்கிறான் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். பொய்யில்லை. அவன் நெருப்புக்கை என் நெருப்புக்கையை இரண்டே சுற்றில் கரியாக்கியது. அடுத்து கண்டக்டர். அடுத்து நின்றவர் ரைட்டர்.

அந்தப் பையன் ஒரு கையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஆடினான். ரைட்டரை உடனே முடிக்கவும் இல்லை. உசிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கூட்டாளிகள் சிரிக்கச் சிரிக்க இழுத்தான்.

"பெரிசு, ஒரே பட்டனை அமுக்கறதுக்கா பஸ் ஏறி வர்றே? ஊட்டுல உக்காந்து அம்மிக்கல்லத் தட்டிக்க வேண்டியதுதானே?"

ரைட்டர் அதே பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். என்னிடம் வந்து, "வர்றேனுங்க. இனிமே ஞாயித்துக்கெளமை தோட்டத்துல கொஞ்சம் வேலை இருக்கு" என்றார்.

வாசலில் அக்கா நின்றிருந்தார். அன்றைக்கும் பனிதான். அவர் ரைட்டரின் முகத்தைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு பாதி தின்ற பேரிக்காயை என் மேஜை மேல் வைத்தார். தின்று முடிக்காமல் அதை அவர் தள்ளி வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"செத்த இருங்க ரைட்டரய்யா, பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குது" என்று சொல்லிவிட்டு மிஷின் முன்னால் போய் நின்றார். "ஏனுங்க தம்பி, எங்கூட ஒரு ஆட்டம் ஆடறீங்களா?"

தாத்தாவை எடுத்ததும் மோட்டார் சைக்கிள் கூட்டம் சிரித்தது. முதல் சுற்றில் அக்கா சீக்கிரமே தோற்றார். அந்தச் சுற்று முழுக்க அவர் ஒரு அடிகூட அடிக்கவில்லை. அடி வாங்கி வாங்கி, அவன் கை எப்போது எப்படி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் சுற்று தொடங்கியது. பையன் தீயை எறிந்தான். தாத்தா கையை லேசாக நீட்டினார். தீ அணைந்தது. தாவி உதைத்தான். பறந்துபோய் விழுந்தான். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஆட ஆரம்பித்தான். என்ன செய்தும் தாத்தா நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை. வந்த அடியெல்லாம் வந்த வழியே திரும்பிப் போனது. சுற்று முடிந்தபோது தாத்தாவின் மஞ்சள் கோட்டில் ஒரு புள்ளி குறையவில்லை. கடைக்குள் யாரும் கத்தவில்லை. கத்த மறந்துவிட்டோம்.

மூன்றாம் சுற்றும் அப்படியே போனது. பையனுக்கு நூலளவு உசிர் மிச்சம். அக்கா அவனைத் தூக்கி எறிந்தார். விழுந்தவன் எழுந்திருக்க இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியில் அக்கா சட்டென்று நகர்ந்து, பக்கத்தில் நின்ற ரைட்டரின் கையைப் பிடித்துப் பட்டன்மேல் வைத்தார்.

"தட்டுங்கய்யா!"

ரைட்டருக்கு அது ஒன்றுதானே தெரியும். தட்டினார். தாத்தாவின் எறும்புக் குத்து, எழுந்து பாய்ந்து வந்தவன் மூக்கில் போய் விழுந்தது. உசிர் தீர்ந்தது.

அப்போது கிளம்பிய சத்தத்தில் படகுத்துறைக் காவலாளி விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தார். ரைட்டர் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா ரைட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேரு சேந்து ஆடுனா எப்பிடிங்க?" என்றான் சிவப்புச் சட்டை. குரல் உடைந்திருந்தது. காது மடல் சிவந்திருந்தது. இருபது வயதுப் பையன்தானே.

அக்கா அவன் பக்கம் திரும்பினார். "நாயந்தானுங்க தம்பி. நான் பண்ணுனது தப்பு. வாங்க, இன்னொருக்கா ஆடலாம்."

அந்த ஆட்டத்தை நாங்கள் ஏரிக்கரைக்காரர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தோம். இழுபறி. ஆளுக்கொரு சுற்று. மூன்றாவதில் மூச்சைப் பிடிக்கிற போராட்டம். அக்கா, "அய்யய்யோ, தாடி, தாடி!" என்று அலறினார். நூலளவில் பையன் ஜெயித்தான். அக்காவின் தலை எப்போதோ அவன் பக்கம் திரும்பியிருந்தது. "அடடா! கொஞ்சத்துல போச்சுங்க" என்றார்.

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவனும் பூத்தான். கூட்டாளிகளைக் கட்டிக்கொண்டு குதித்தான். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னான். ரைட்டரிடம் தானே டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்து, "அய்யா, வாய்த் துடுக்கு, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். ரைட்டர் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். அவர்கள் மோட்டார் சைக்கிள்கள் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிற வரை ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்ற பிறகுதான் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம்.

இரண்டு வருடம் கழித்து அக்காவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. வீட்டுக்காரரும் எஸ்டேட் வேலையை விட்டுக் கூடவே கிளம்பினார். கடைசி நாள் கடைக்கு வந்தபோது வாசலில் வரிசை நின்றது. முன்னாலேயே பேசி வைத்திருந்தோம். கண்டக்டர்தான் ஆரம்பித்தார்.

"அக்கா, இன்னிக்கு ஒருத்தருக்கும் உட்டுக் குடுக்கக் கூடாது. எங்களை அடிங்க. நெசமா அடிங்க."

"அட, என்னங்க இது..."

"அடிக்கோணும்."

அவருக்கு வெட்கமும் சிரிப்பும் தாங்கவில்லை. ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு ஆரம்பித்தார். கண்டக்டர் பத்து எண்ணுவதற்குள் போனார். டீக்கடைக்காரர், கான்வென்ட் பெண்கள், காவலாளி, படகுக்காரர்கள் என்று வந்தவர் எல்லோரும் விழுந்தார்கள். விழுந்தவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டில் ஆடுகிற மாதிரி ஆடிக்கொண்டு வெளியே போனார்கள். ரைட்டர் ஒரு கம்புக் குத்தைத் தாத்தாமேல் பதித்துவிட்டுத்தான் விழுந்தார். "ஒண்ணு பட்டுச்சு, பாத்தீங்களா, ஒண்ணு பட்டுச்சு!" என்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை பேரையும் அடித்தபோதும் அக்காவின் கண் திரையில் பாதி, முகங்களில் பாதி.

கடைசியில் நான். எனக்கும் விட்டுத்தான் கொடுத்தீர்களா என்ற கேள்வி இரண்டு வருடமாகத் தொண்டையிலேயே இருந்தது. அதைக் கேட்காமல் காயினைப் போட்டேன். அந்தச் சிவப்புச் சட்டைக்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. காலையில் கடை திறக்கும் முன் தினமும் ஆடி வந்தேன். நானும் தாத்தாவைத்தான் எடுத்தேன்.

இரண்டு கிழவர்கள் எதிரெதிரே நின்றார்கள். நான் கை நீட்டினேன், அவர் தட்டிவிட்டார். அவர் நீட்டினார், நான் தட்டிவிட்டேன். முதல் சுற்று அவருக்கு. இரண்டாவதில் ஏதோ வாகாக அமைந்து எனக்கு. மூன்றாவது சுற்றின் நடுவில் அக்காவின் சத்தம் நின்றுவிட்டது. தாடி, அய்யய்யோ ஒன்றும் இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் குனிந்து, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி நின்று ஆடிக்கொண்டிருந்தார். என் முகம் அவருக்கு நினைவிலேயே இல்லை.

தோற்றேன். கால்வாசி உசிர் அவரிடம் மிச்சமிருந்தது.

அக்கா கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். மேல்மூச்சு வாங்கியது. அந்த மார்கழிக் குளிரில் முந்தானையால் நெற்றியைத் துடைத்தார்.

"வேர்த்துப் போச்சுங்க தம்பி" என்று சிரித்தார்.

நாற்பது பேர் முன்னால் ஜெயித்த கதையை அதோடு விட்டுவிட்டேன். இப்போது யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், இந்தத் தோல்வியைத்தான் சொல்கிறேன்.